இணையவழிப் படிப்புக் குழு நின்றுபோனால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிக்கும் வழிமுறை

பெங்களூருவில் வேலை பார்த்துக்கொண்டே கேட் (GATE) என்ற பொறியியல் முதுகலை நுழைவுத் தேர்வுக்கோ தொலைநிலைப் பட்டத்துக்கோ படிக்கும் தமிழர்கள் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து படிப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். ஒருவர் பீன்யாவில் இருப்பார், ஒருவர் எலக்ட்ரானிக் சிட்டியில், இன்னொருவர் ஒயிட்ஃபீல்டில். மூவரும் ஒரு வார நாள் மாலையில் அல்சூரில் சந்திக்க வேண்டுமென்றால், புத்தகத்தைத் திறந்து வைத்திருக்கும் நேரத்தைவிடச் சாலையில் நிற்கும் நேரம் கூடிவிடும். ஆகவே குழு இணையத்தில்தான் அமைகிறது. அமைப்பதற்குப் பத்து நிமிடம் போதும். மூன்றாவது வாரத்தில் அது ஏன் அசையாமல் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாடு.

நான் கணினி அறிவியல் தாளுக்குப் படித்த ஆண்டுகளில் இப்படி நான்கு குழுக்களில் இருந்திருக்கிறேன். இரண்டு செத்தன, ஒன்று உடைந்து பிழைத்தது, ஒன்று இன்னும் நடக்கிறது. அந்த அனுபவத்திலிருந்து, அறிகுறி வாரியாக, எதை முதலில் சோதிக்க வேண்டும், எதைத் திருத்த வேண்டும் என்று எழுதியிருக்கிறேன். உங்கள் குழுவில் தெரியும் அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

தொடங்கும் முன் ஓர் எச்சரிக்கை. குழு சரியில்லை என்றதும் வாட்ஸ்அப்பிலிருந்து டெலிகிராமுக்கும், அங்கிருந்து டிஸ்கார்டுக்கும் குடிபெயர்வது, காய்ச்சல்காரரைக் கட்டில் மாற்றிப் படுக்க வைப்பது போன்றது. முதல் வாரம் புது இடத்தின் கலகலப்பு இருக்கும், அடுத்த வாரம் பழைய காய்ச்சல் திரும்பிவிடும். நான் பார்த்த பழுதுகளில் பெரும்பாலானவை அழைப்பு தொடங்குவதற்கு முன்பே உண்டானவை: உறுப்பினர்கள் கையில் எதுவும் போட்டுப் பார்க்காமல் வெறுங்கையோடு வந்து சேர்ந்தார்கள். எந்த அறிகுறியானாலும் முதலில் அதைச் சந்தேகியுங்கள்.

அறிகுறி: நாற்பது பேர் இருக்கிறார்கள், ஒரு கேள்விக்கும் பதில் இல்லை

கேள்வி போடுகிறீர்கள். செய்தியைப் படித்தவர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. யாரும் வாய் திறப்பதில்லை. மாலையில் யாரோ ஒருவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் போகிறார்.

சோதனை எளிது. கடைசி மூன்று அழைப்புகளுக்கு வந்தவர்களின் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். மூன்றிலும் இருந்தவர்கள் எத்தனை பேரோ அதுதான் உங்கள் குழுவின் உண்மையான அளவு; மீதிப் பேர் பார்வையாளர்கள். எங்கள் முதல் குழுவில் 43 பேர் இருந்தார்கள். தாளில் தேறியவை நான்கு பெயர்கள்.

இதற்கு யாருடைய சோம்பலையும் குற்றம் சொல்ல வேண்டியதில்லை. ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தில் கையை மட்டும் வைத்துக்கொண்டு நடப்பவர்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் இதையே கயிறு இழுக்க வைத்து அளந்து 1913இல் வெளியிட்டார்: எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரிடமிருந்தும் வெளிப்பட்டது, தனியாக இழுத்தால் வெளிப்படும் வலுவில் ஏறத்தாழப் பாதிதான். கயிற்றுக்கே இந்தக் கதி என்றால், யார் இழுக்கிறார் யார் இழுக்கவில்லை என்று தெரியாத வாட்ஸ்அப் குழுவுக்குச் சொல்ல வேண்டாம். கணக்கும் துணைக்கு வருகிறது. ஐந்து பேர் குழுவில் இருவர் இருவராகப் பழக வேண்டிய இணைகள் 10. நாற்பது பேர் குழுவில் 780. முகம் தெரியாத 780 இணைகளுக்கு நடுவில் 'எனக்கு இது புரியவில்லை' என்று எழுத யாருக்கும் துணிவு வராது.

திருத்தம்: பெரிய குழுவைக் கலைக்காதீர்கள், யாரையும் நீக்கவும் செய்யாதீர்கள், அது விண்ணப்பத் தேதிகளையும் அறிவிப்புகளையும் ஒட்டும் பலகையாக இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குள்ளிருந்து நான்கு முதல் ஆறு பேரைப் பிரித்தெடுத்துத் தனிக் குழு அமையுங்கள். யாரைப் பிரிப்பது என்பதில்தான் பலரும் தவறுகிறார்கள். நெருங்கிய நண்பர்களையோ அதிக மதிப்பெண் வாங்கியவர்களையோ தேடுவதைவிட, ஒரே தாள், ஒரே தேர்வு மாதம், ஒரே ஓய்வு மணி ஆகிய மூன்றும் பொருந்துகிறவர்களைத் தேடுவது நல்லது. நாங்கள் செய்தது இது: 'வரும் ஞாயிறு இரவுக்குள் பழைய வினாத்தாளிலிருந்து இரண்டு மதிப்பெண் கேள்விகள் ஐந்தைப் போட்டு, கையெழுத்துத் தாளைப் படமெடுத்து அனுப்புங்கள், தவறாக இருந்தாலும் பரவாயில்லை' என்று பலகையில் எழுதினோம். ஆறு தாள்கள் வந்தன. அதில் ஒருவர் வினாத்தாளையே மாற்றிப் பார்த்து, மின்னியல் துறைக் கேள்விகளைப் போட்டு அனுப்பியிருந்தார். அவரையும் சேர்த்துக்கொண்டோம், ஏனென்றால் அவர் அனுப்பினார். இன்றைக்கும் எங்கள் குழுவில் ஒரு வாரம்கூடத் தவறாமல் வருபவர் அவர்தான்.

அறிகுறி: எல்லோரும் வருகிறார்கள், ஒருவர் மட்டுமே பேசுகிறார்

இது நோய் போலவே தெரியாத நோய். வருகை முழுதாக இருக்கும், அழைப்பு ஒரு மணி நேரம் ஓடும், எல்லோரும் 'இன்று நன்றாக இருந்தது, அண்ணா' என்று எழுதிவிட்டுப் போவார்கள். ஆனால் அங்கே படித்தவர் ஒருவர்தான், விளக்கம் சொன்னவர். மற்றவர்கள் கேட்டார்கள், கேட்கும்போது புரிந்ததுபோல் இருந்தது, தனியே போடும்போது பேனா நகரவில்லை.

சோதனை: அழைப்பு முடிந்த மறுநாள், அதே தலைப்பில் ஒரு கேள்வியை எண்களை மட்டும் மாற்றிப் போட்டு, விடையைத் தனித்தனியாக உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஆறு பேரில் இரண்டு பேர்கூடச் சரியாகச் சொல்லவில்லை என்றால், உங்கள் குழு இலவச டியூஷனாக மாறிவிட்டது என்று பொருள்.

திருத்தத்துக்கு ஹார்வர்டில் இயற்பியல் கற்பித்த எரிக் மசூர் 1991 முதல் தம் வகுப்பில் கையாண்ட முறை பெரிதும் உதவும். கேள்வியைப் போட வேண்டும், ஒவ்வொருவரும் வாய் பேசாமல் தம் விடையைத் தெரிவிக்க வேண்டும், பிறகுதான் பக்கத்தில் இருப்பவரோடு வாதம், வாதம் முடிந்ததும் மீண்டும் ஒருமுறை விடை. இணைய அழைப்பில் இதை இப்படிச் செய்கிறோம்: விடையை அரட்டைப் பெட்டியில் தட்டிவைத்துக்கொண்டு, அனுப்பும் பொத்தானை அழுத்தாமல் காத்திருக்க வேண்டும், ஒருவர் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று சொன்னதும் எல்லோரும் சேர்ந்து அழுத்த வேண்டும். முதலில் அனுப்பியவரின் விடையைப் பார்த்து மற்றவர்கள் மாற்றிக்கொள்ளும் வழி அதோடு அடைபட்டுவிடும்.

ஒரு புதன்கிழமை இரவு இயக்க முறைமையில் பக்க மாற்றீடு (நினைவகம் நிரம்பியதும் எந்தப் பக்கத்தை வெளியே தள்ளிப் புதியதை ஏற்றுவது என்ற பாடம்) போட்டுக்கொண்டிருந்தோம். பக்க வரிசை 1, 2, 3, 4, 1, 2, 5, 1, 2, 3, 4, 5. முதலில் வந்தது முதலில் வெளியேறும் முறையில், மூன்று சட்டகங்கள் (நினைவகத்தில் பக்கத்தை வைக்கும் இடங்கள்) இருந்தால் எத்தனை பக்கப் பிழை (கேட்ட பக்கம் நினைவகத்தில் இல்லாத நிலை), நான்கு இருந்தால் எத்தனை என்பது கேள்வி. எண்ணி முடித்து அழுத்தியதும் திரையில் ஐந்து விடைகள் '9, 8' என்றும் '9, 7' என்றும் விழுந்தன, ஒன்று மட்டும் '9, 10' என்று விழுந்தது. வழக்கமாகப் பாடம் நடத்தும் நண்பர் சிரித்துவிட்டார்: "இடம் கூடினா பிழை குறையணும்மா, எப்படிக் கூடும்?" அனுப்பியவர் ஓசூரிலிருந்து நாள்தோறும் பேருந்தில் வந்து போகும் பெண், அதுவரை அழைப்புகளில் 'சரி அண்ணா' என்பதைத் தவிர வேறெதுவும் பேசாதவர். "இல்லண்ணா, திரும்ப எண்ணிட்டேன். அஞ்சு உள்ள வர்றப்ப ஒண்ணு வெளிய போகுது, அடுத்ததே ஒண்ணைத்தான் கேக்குறாங்க. அதுக்கப்புறம் ஒவ்வொண்ணும் தேவைப்படுறதுக்குச் சரியா முன்னாடிதான் வெளிய போகுது" என்றார். எல்லோரும் மீண்டும் கட்டம் போட்டு எண்ணினோம். பத்துதான். கணினி அறிவியலாளர் பெலாடி 1969இல் காட்டிய முரண்பாடு அது. பாடப்புத்தகங்களில் இதே எண்வரிசைதான் இருக்கிறது, நாங்கள் ஆறு பேரும் அந்தப் பக்கத்தைக் கடந்துதான் வந்திருந்தோம். மீதி ஐந்து பேரும் கட்டத்தை முடிக்காமல், இப்படித்தான் வரும் என்று ஊகித்து எழுதியிருந்தோம் என்பது அப்போது தெரிந்தது.

இந்த முறையில் இன்னொரு வசதியும் உண்டு. கேட் தாளில் 65 கேள்விகள், 100 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். ஒரே விடையைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கேள்வியில் ஒரு மதிப்பெண் கேள்வி தவறினால் 1/3 மதிப்பெண்ணும், இரண்டு மதிப்பெண் கேள்வி தவறினால் 2/3 மதிப்பெண்ணும் கழியும். பல விடை வகையிலும் எண் விடை வகையிலும் கழிவு இல்லை. ஆகவே விடையோடு 'உறுதி', 'பாதி', 'ஊகம்' என்று ஒரு சொல்லையும் சேர்த்து அனுப்பச் சொல்லுங்கள். 'உறுதி' என்று எழுதித் தவறுகிறவர் எந்தத் தலைப்பில் தவறுகிறார் என்று இரண்டு மாதம் குறித்துவைத்தால், அவர் தேர்வில் எதைத் தொடாமல் விட வேண்டும் என்பது அவருக்கே தெரிந்துவிடும்.

அறிகுறி: கோப்புகள் குவிகின்றன, படிப்பு நகரவில்லை

குழுவில் நாளுக்கு நான்கு பி.டி.எஃப். விழுந்தால், அது படிப்புக் குழு என்ற நிலையைக் கடந்து பழைய புத்தகக் கடையாகிவிட்டது. 'பிறகு பார்க்கலாம்' என்று சேமித்த கோப்பு, படித்த திருப்தியை இலவசமாகத் தந்துவிடுகிறது. ஒரே விதி போதும்: கோப்பை அனுப்புகிறவர், அதில் தாம் படித்த பக்கம் எது, அங்கே தமக்கு எழுந்த கேள்வி எது என்று இரண்டு வரி எழுதியே அனுப்ப வேண்டும். எங்கள் குழுவில் இந்த விதி வந்த வாரமே வரத்து அநேகமாக நின்றுவிட்டது. காசு கட்டிச் சேர்ந்த பயிற்சித் தேர்வின் தாள்களைப் பகிர்வது பதிப்புரிமைச் சிக்கலிலும் போய் முடியும். கேட் தேர்வின் பழைய வினாத்தாள்கள் அதிகாரப்பூர்வ தளங்களிலேயே இலவசமாகக் கிடைக்கும்போது அதற்குத் தேவையும் இல்லை.

அறிகுறி: நேரம் ஒத்துவருவதே இல்லை

ஒவ்வொரு வாரமும் 'யாருக்கு எப்போது வசதி?' என்று வாக்கெடுப்பு வைக்கிறீர்கள் என்றால், அந்த வாக்கெடுப்புதான் நோய். வசதியைக் கேட்டால் எல்லோரும் யோசிப்பார்கள். நாளும் மணியும் மாறாமல் இருந்தால், வருகிறவர் தம் வாரத்தை அதைச் சுற்றி ஒழுங்கு செய்துகொள்வார். எங்களுக்குப் பொருந்தியவை புதன் இரவு ஒன்பதரையும் ஞாயிறு காலை ஆறரையும். ஒன்பதரை என்றால் வெளிவட்டச் சாலையில் மாட்டியவர்கூட வீடு சேர்ந்து சாப்பிட்டிருப்பார். ஞாயிறு ஆறரைக்கு எந்த அலுவலகமும் கூப்பிடாது. சுழல்பணியில் இருப்பவர் குழுவில் இருந்தால், அவர் வராத வாரத்தில் தம் தாளைப் படமெடுத்து அனுப்பினால் அதையும் வருகையாக எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் தாளும் இல்லை, ஆளும் இல்லை என்றால் மட்டும் தனியே அழைத்து விசாரியுங்கள். குழுவில் பெயர் சொல்லிக் கேட்டால் அவர் வெட்கப்பட்டு நிரந்தரமாக ஒதுங்கிவிடுவார்.

அழைப்பின் நீளத்தை இலவசச் செயலிகளே ஒருவகையில் முடிவு செய்கின்றன. ஜூம் இலவசக் கணக்கில் 40 நிமிடம், கூகுள் மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ இருந்தால் 60 நிமிடம். இந்த வரம்பைக் குறையாகப் பார்த்து, துண்டிக்கப்பட்டதும் மறுபடி இணைப்பு அனுப்பி நீட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அது தேவையில்லாத வேலையாகத் தோன்றுகிறது. ஐம்பது நிமிடத்துக்கு மேல் ஓடிய எங்கள் அழைப்புகள் எல்லாம் கடைசியில் வீட்டு வாடகையிலும் முன்பணத்திலும்தான் போய் நின்றன.

அறிகுறி: குரல் அறுபடுகிறது, எதிரொலிக்கிறது, திரை உறைகிறது

இங்கே மட்டும் பழுது உண்மையிலேயே கருவியில் இருக்கிறது. ஆனால் யாருடைய கருவியில் என்பதைக் கண்டுபிடிக்காமல் எல்லோரும் ஒரே நேரத்தில் வைஃபையை அணைத்துப் போடுவதால் பத்து நிமிடம் வீணாகிறது. ஒரு கேள்வி கேளுங்கள்: ஒருவருடைய குரல் எல்லோருக்கும் அறுபடுகிறதா, அல்லது எல்லோருடைய குரலும் ஒருவருக்கு மட்டும் அறுபடுகிறதா? முதலாவது என்றால், பேசுகிறவரின் இணைப்பில் தரவு வெளியே போகும் பக்கம் பழுது. இரண்டாவது என்றால், கேட்கிறவரின் இணைப்பில் தரவு உள்ளே வரும் பக்கம் பழுது. எப்படியானாலும் முதல் மருந்து, பழுதுள்ளவர் தம் கேமராவை அணைப்பது. அது போதாவிட்டால் மற்றவர்களின் படங்கள் தமக்கு வருவதையும் நிறுத்துவது. குரலுக்குத் தேவைப்படும் தரவு, படத்துக்குத் தேவைப்படுவதில் சிறு பங்குதான். பி.ஜி. விடுதியில் இருபது பேர் ஒரே வைஃபையில் இருக்கும் இரவு நேரத்தில், கைபேசித் தரவுக்கு மாறிக் குரலை மட்டும் வைத்துக்கொள்வது பெரும்பாலும் நல்ல பலன் தரும். ஊதா வழித்தட மெட்ரோவில் திரும்பிக்கொண்டே அழைப்பில் சேரலாம் என்று நானும் முயன்றேன். கப்பன் பூங்காவுக்கும் மெஜஸ்டிக்குக்கும் இடையே வண்டி சுரங்கத்தில் போகும்போது என் விளக்கம் பாதியில் அறுந்தது. அதன் பிறகு பயணத்தில் இருப்பவர் கேட்கலாம், விளக்கம் சொல்ல வேண்டியதில்லை என்று வைத்துக்கொண்டோம்.

எதிரொலிக்கு நேர்மாறான தந்திரம் உண்டு. தம் குரல் திரும்ப ஒலிக்கிறது என்று புலம்புகிறவர் பெரும்பாலும் குற்றவாளி அல்லர். இன்னொருவருடைய ஒலிபெருக்கியிலிருந்து வந்த குரல் அந்த இன்னொருவருடைய ஒலிவாங்கிக்குள்ளேயே நுழைவதால் அது நடக்கிறது. ஒவ்வொருவராக ஒலிவாங்கியை அணைத்து வாருங்கள். யார் அணைத்ததும் எதிரொலி நிற்கிறதோ, அவர் காதணிக் கருவி போட்டுக்கொள்ள வேண்டும். ஒரே அறையில் இரண்டு பேர் இரண்டு கருவிகளில் சேர்ந்திருந்தால் ஒன்றில் ஒலியை முழுவதும் நிறுத்தியாக வேண்டும்.

கையால் போட்ட கணக்கைக் காட்ட முடியவில்லை என்பதும் இந்தப் பிரிவில் சேரும். இதற்கு ஒன்றும் வாங்க வேண்டாம். சமையலறையிலிருந்து உயரமான எவர்சில்வர் சம்படங்கள் இரண்டைக் கொண்டுவந்து நோட்டின் இருபுறமும் நிறுத்தி, மேலே இரண்டு மர அளவுகோல்களை இணையாகப் பாலம்போல வைத்து, கைபேசியின் இரு ஓரமும் அவற்றின் மேல் படிய, கேமரா இடைவெளி வழியாகக் கீழே பார்க்கும்படி வையுங்கள். அந்தக் கைபேசி அழைப்பில் இரண்டாவது ஆளாகச் சேரட்டும், ஆனால் அதன் ஒலிவாங்கியையும் ஒலியையும் முன்பே அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் மேலே சொன்ன எதிரொலி உங்கள் மேசையிலேயே பிறக்கும். விளக்கு கைபேசிக்குப் பின்னால் இருந்தால் நோட்டின் மேல் நிழல் விழும், பக்கவாட்டில் இருப்பது நல்லது.

அறிகுறி: ஒருவர் மெல்ல மெல்ல மௌனமாகிவிட்டார்

முதலில் பேசினார், பிறகு குறைத்தார், இப்போது கேமராவும் இல்லை குரலும் இல்லை. வீட்டுப் பிரச்சினை, வேலைப் பளு என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால் தமிழர் குழுக்களில் அடிக்கடி கண்ணில் படாமல் போகும் காரணம் ஒன்று உண்டு: பேச்சு எப்போது ஆங்கிலத்துக்கு மாறியது என்று யாருமே கவனிக்கவில்லை. அலுவலகப் பழக்கத்தில், திரையைப் பகிர்ந்த உடனே நாங்களும் மேலாளரிடம் பேசுவதுபோல ஆங்கிலத்தில் பேசத் தொடங்கிவிடுவோம். தமிழ்வழியில் பள்ளி முடித்து வந்தவருக்கு ஆங்கிலம் புரியாமல் இல்லை. ஆனால் பாதி புரிந்த கருத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்ப்பதற்கு அவருக்கு அது தோதான மொழி அல்ல. பாதி புரிந்ததைச் சொல்லிப் பார்க்கத்தானே குழுவே இருக்கிறது.

சோதனை: அவரிடம் தனியாகப் பேசும்போது அதே பாடத்தைத் தமிழில் கேளுங்கள். பொலபொலவென்று பதில் வந்தால் காரணம் கிடைத்துவிட்டது.

எங்கள் குழுவில் பொம்மனஹள்ளியிலிருந்து வரும் தம்பி ஒருவர் இரண்டு மாதம் இப்படி இருந்தார். 'டெட்லாக்' பாடம் வந்த அன்று, சொல் ஆங்கிலத்தில் இருக்கட்டும், விளக்கம் தமிழில்தான் என்று முடிவு செய்து, அவரையே தொடங்கச் சொன்னோம். அவர் சொன்னது இது: "சில்க் போர்டுல மழை பெய்யுற சாயங்காலம் நடுவுல நாலு பக்கத்து வண்டியும் பூந்து நிக்குதுல்ல, அதுதான். ஒரு இடத்துல ஒரு வண்டிதான் நிக்க முடியும். ஒவ்வொருத்தனும் தன்னோட இடத்தை விடாம அடுத்த இடத்துக்குக் காத்திருக்கான். யாரையும் வலுக்கட்டாயமா தூக்க முடியாது. இவன் அவனுக்கு, அவன் அடுத்தவனுக்கு, கடைசி ஆளு இவனுக்கே காத்திருக்கான், வட்டம் மூடிடுச்சு. போலீஸ்காரர் வந்து ஒரு ஆட்டோவைப் பின்னாடி எடுக்க வச்சா அவிழ்ந்துடும்." டெட்லாக் உண்டாவதற்குக் கணினி அறிவியலாளர் காஃப்மனும் மற்றவர்களும் 1971இல் எழுதிய நான்கு நிபந்தனைகளும் வரிசை மாறாமல் அதில் இருந்தன. போலீஸ்காரர் ஒரு நிபந்தனையை உடைத்தால் போதும் என்பதும் இருந்தது. அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டோம்: கலைச்சொல்லைத் தேர்வில் வரும் வடிவத்திலேயே சொல்வது, முதல் விளக்கத்தைத் தமிழில் சொல்வது, கடைசியில் ஒருவர் ஆங்கிலத்தில் இரண்டு வரியாகத் திருப்பிச் சொல்வது. தேர்வு ஆங்கிலத்தில்தான் என்பதால் அந்த மூன்றாவது படியை விட்டுவிடக் கூடாது.

அறிகுறி: விடையை மட்டும் கேட்கிறார்கள்

என்.பி.டி.இ.எல். போன்ற இணையப் பாடங்களில் சேர்ந்தவர்கள் குழுவில் இது வாராவாரம் வரும். கெடு நாள் இரவு பதினொன்றுக்கு 'ஏழாவது கேள்விக்கு விடை என்ன ப்ரோ?' என்று ஒருவர் எழுதுவார். பத்து நிமிடத்தில் முழு விடைத்தாளும் வந்துவிடும். அறநெறியை ஒரு பக்கம் வைத்தாலும் கணக்கு உதவாது. என்.பி.டி.இ.எல். பாடங்களில் வாராந்திர ஒப்படைப்புக்கு 25, மேற்பார்வையோடு மையத்தில் நடக்கும் தேர்வுக்கு 75. சான்றிதழ் பெற ஒப்படைப்பில் குறைந்தது 10, தேர்வில் குறைந்தது 30 வேண்டும். காப்பியடித்து 25க்கு 25 வாங்கியவர் தேர்வில் 28 எடுத்தால், கூட்டினால் 53 வருகிறது, சான்றிதழ் வராது.

கெடு முடியும்வரை விடையை எழுதுவதில்லை, அதே கருத்தில் வேறொரு கணக்கை மட்டும் போட்டுக் காட்டலாம் என்று குழுவின் குறிப்பில் எழுதி ஒட்டிவிடுங்கள். கேட்கிறவரைத் திட்ட வேண்டாம். 'எந்த வரி வரைக்கும் வந்தீர்கள், படம் அனுப்புங்கள்' என்று மட்டும் கேளுங்கள். முயன்றவர் உடனே படம் அனுப்புவார். முயலாதவர் அந்தக் கேள்வியை இரண்டு முறை எதிர்கொண்டபின் வேறு குழுவைத் தேடிப் போய்விடுவார், அதில் நட்டம் ஒன்றும் இல்லை.

அறிகுறி: உறுப்பினர்களுக்கு, குறிப்பாகப் பெண்களுக்கு, தெரியாத எண்களிலிருந்து செய்தி வருகிறது

இதை அன்றைக்கே சரிசெய்ய வேண்டும், அடுத்த கூட்டத்துக்குத் தள்ளக் கூடாது. வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்தவர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியும். சேரும் இணைப்பு எங்காவது பொதுவெளியில் ஒட்டப்பட்டிருந்தால் யார் வேண்டுமானாலும் நுழைந்து எண்களை எடுத்துக்கொண்டு வெளியேறலாம். இணைப்பை ரத்து செய்து புதிதாக்குங்கள், புதியவர்கள் நிர்வாகியின் ஒப்புதலோடு மட்டும் சேரும்படி அமைப்பை மாற்றுங்கள், பெரிய குழு என்றால் எண்ணை மறைத்துக்கொள்ள வழி தரும் டெலிகிராமில் நடத்துங்கள். செயலியை மாற்றாதீர்கள் என்று தொடக்கத்தில் சொன்னதற்கு இது ஒன்றுதான் விலக்கு. தொல்லை கொடுத்தவர் உறுப்பினர் என்றால், விசாரணை, சமாதானம் என்று இழுக்காமல் நீக்கிவிட்டு, நீக்கினோம் என்பதைக் குழுவில் ஒரு வரியில் சொல்லுங்கள்.

'தவறுதலாக உங்கள் எண்ணுக்கு ஆறு இலக்கக் குறியீடு வந்துவிட்டது, அனுப்புங்கள்' என்று குழு நண்பரின் பெயரிலேயே செய்தி வந்தால், அந்த நண்பரின் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கலாம். குறியீட்டை அனுப்பாமல், அவரை நேரடியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். வாட்ஸ்அப்பின் இரட்டைச் சரிபார்ப்பை (கணக்கைத் திறக்க இன்னொரு ரகசிய எண்ணையும் கேட்கும் வசதி) எல்லோரும் ஒரே அழைப்பில் சேர்ந்து உட்கார்ந்து இயக்கிவிடுவது ஐந்து நிமிட வேலை. பணம் போய்விட்டால் 1930 என்ற இணையமோசடி உதவி எண்ணுக்கு உடனே அழைக்க வேண்டும்.

அறிகுறி: தேர்வு நெருங்க நெருங்கக் குழு கரைகிறது

பெரும்பாலும் இது பழுதே அல்ல. கேட் தேர்வு பிப்ரவரியில் வரும்போது, ஜனவரியில் ஒவ்வொருவருக்கும் தம் பலவீனம் தனியாகத் தெரிந்திருக்கும். பொதுப் பாடம் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. அப்போது பாட அழைப்புகளை நிறுத்திவிட்டு, ஞாயிறு காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை எல்லோரும் அவரவர் வீட்டில் ஒரே பழைய தாளை, திரையில் வரும் கணிப்பானை மட்டும் பயன்படுத்தி எழுதுவது என்று மாற்றுங்கள். எழுதும் நேரத்தில் அழைப்பு வேண்டாம். நாலு மணிக்கு அரை மணி நேரம் மட்டும் கூடி, தவறிய கேள்விகளைப் பற்றி மட்டும் பேசினால் போதும்.

தேர்வுக்குப் பின் குழுவை அப்படியே கிடக்க விடுவதால் வரும் பழுது ஒன்றை நான் பட்டே தெரிந்துகொண்டேன். எங்கள் இரண்டாவது குழுவின் குறிப்புகள், தீர்த்த தாள்கள், தவறுப் பட்டியல் எல்லாம் ஒரு பகிர்வுக் கோப்புறையில் இருந்தன. அதைத் தொடங்கிய நண்பர் தம் அலுவலக மின்னஞ்சல் கணக்கில் தொடங்கியிருந்தார். அவர் வேலை மாறிய வாரத்தில் கணக்கு மூடப்பட்டது, ஒன்றரை ஆண்டு உழைப்பு ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் திரைகளிலிருந்து மறைந்தது. கேட் மதிப்பெண் முடிவு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் செல்லும் என்பதால் பலர் அடுத்த முறையும் எழுதுவார்கள். அவர்களுக்கு அந்தக் குறிப்புகள் வேண்டியிருந்தன. ஆகவே கோப்புறையைச் சொந்தக் கணக்கில் மட்டும் தொடங்குங்கள், இணைப்பு உள்ள யாரும் திருத்தலாம் என்று விடாமல் உறுப்பினர் கணக்குகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள், இன்னொருவர் தம் கணினியில் மாதம் ஒருமுறை பிரதி எடுத்து வைக்கட்டும். எங்களிடம் அந்தப் பிரதி எடுக்கும் வேலை இப்போது ஓசூர்த் தங்கையிடம் இருக்கிறது. மாதத்தின் முதல் சனிக்கிழமை 'எடுத்துட்டேன்' என்ற ஒரு சொல் மட்டும் குழுவில் விழும்.